வா வா என்று கூப்பிட்ட ஊர்

"தம்பி, இதில ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

பின் சீற்றில் இருந்து அம்மா சொன்னபோது கார் மணிக்கு 90 கிலோமீற்றரில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு மேட்டில் பெரிய வாத்து ஒன்று நின்றது. கழுத்தை நீட்டி, இரண்டு சிறகையும் விரித்து, இந்தா எழும்பப் போகிறேன் என்கிற மாதிரி ஒரு நிற்பு. உயரம் 8.5 மீற்றர். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கூரை அதன் கழுத்துக்குக் கீழேதான் வரும்.

அம்மா தம்பி என்றது என் கணவரை, கார் ஓடியவர் இவர்தான். இவருடைய கணக்கில் அந்த இடத்துக்கு நேரம் ஒதுக்கவில்லை. ரொறன்ரோவில் இருந்து எட்மன்ரன் வரைக்கும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீற்றர், எங்கே பெற்றோல், எங்கே படுக்கை என்று எல்லாம் குறித்து வைத்திருந்தார். எட்மன்ரனில் இவருடைய தங்கச்சி வீடு குடிபூரல். விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நாலு மணித்தியாலம் காலை மடக்கிக்கொண்டு இருக்க ஏலாது. காரில் என்றால் நினைத்த இடத்தில் இறங்கி நடக்கலாம். அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

இவர் நிப்பாட்டினார். அம்மா இறங்கி, முழங்காலைத் தடவிவிட்டு, வாத்தை அண்ணாந்து பார்த்தார். "முறிகண்டி மாதிரி" என்றார்.

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புப் பக்கம் போகிற வாகனம் எதுவென்றாலும், கிளிநொச்சியைத் தாண்டியதும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். சனம் கை, கால், முகம் கழுவித் திருநீறு பூசும். திரும்பி ஏறும்போது எல்லார் கையிலும் கச்சான் சரை இருக்கும். கோவில் சின்னது. ஆனாலும் நிற்காமல் போக ஒருவருக்கும் மனம் வராது. "வழியில இருக்கிறவரை மதிக்காமல் போகக் கூடாது" என்பது அம்மாவின் சொல்.

வாவா என்ற அந்த ஊரில் வாத்து வந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1960 வரைக்கும் சுப்பீரியர் ஏரியின் வடகரையோடு காரில் போக வழி கிடையாது. பாறையும் ஆறும் சதுப்பும் நிறைந்த அந்த இடைவெளியை நிரப்பி வீதியைப் போட்டு முடித்தபோது, அது வாவாவின் கடைத்தெருவுக்குள் வராமல் வெளியால் போய்விட்டது. இத்தனை வருடம் வீதி வரும், சனம் வரும் என்று காத்திருந்த ஊர். வீதி வந்தது, ஆனால் ஊரைத் தொடாமல் போனது. அல் ரேர்கொட் என்ற உள்ளூர் வியாபாரி, சந்தியில் பெரிய வாத்து ஒன்றை வைத்தால் கார்க்காரர் நிற்பார்கள் என்று யோசித்தார். வாவா என்றால் ஒஜிப்வே என்ற பூர்வகுடிகளின் மொழியில் காட்டு வாத்து. முதலில் வைத்தது சாந்து வாத்து, அது பனியிலும் மழையிலும் கரைந்தது. 1963-ல் இரும்பு வாத்து வந்தது. அதுவும் துருப்பிடித்துத் தேய, 2017-ல் கனடாவின் 150-வது பிறந்தநாளுக்குப் புதியது வைத்தார்கள். ஒரு ஊர் அறுபது வருடத்துக்குள் மூன்று தரம் அதே வாத்தைச் செய்து வைத்திருக்கிறது என்றால், அவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

"அம்மம்மா, இந்த ஊர் எங்களை வா வா எண்டு கூப்பிடுது" என்றாள் மகள். அம்மாவுக்கு அந்தப் பகிடி அவ்வளவு பிடித்துவிட்டது, எட்மன்ரன் போகும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

வாத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் நெடுஞ்சாலைக்குத் திரும்பவில்லை. ஊருக்குள் போனோம். சாமான் கடையில் அம்மா ஒரு பெரிய பை கச்சான் வாங்கினார், கோதோடு இருக்கிற வறுத்த கச்சான். கடைக்காரப் பெண் அம்மாவின் சேலையைத் தொட்டுப் பார்த்து நல்ல நிறம் என்றார். ஏரிக்கரையில் இருந்து கச்சான் உடைத்தோம். ஒரு மணித்தியாலம் போய்விட்டது. ரேர்கொட் நினைத்தது எங்களில் பலித்திருக்கிறது.

அதற்குப் பிறகு இவர் அந்தத் தாளை எடுக்கவே இல்லை. எங்கள் ஆட்கள் ரொறன்ரோவில் இருந்து வெளிக்கிட்டால் நயாகரா, மொன்றியல், கொஞ்சம் வசதி என்றால் விமானத்தில் பான்ஃப். போய் இறங்குகிற இடத்தைத்தான் பார்க்கிறோம். இடையில் உள்ள நாட்டை ஒருவரும் பார்ப்பதில்லை. முப்பது வருடமாக இந்த நாட்டில் இருந்துவிட்டு நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை நினைக்கக் கவலையாக இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்: போங்கள், வழியில் நில்லுங்கள்.

சரி, தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

இலங்கைத் தீவின் முழு நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். ரொறன்ரோவில் இருந்து சட்பரி போவதற்குள் கிட்டத்தட்ட அவ்வளவு ஓடிவிடும். அது ஒன்ராறியோ மாகாணத்தில் கால்வாசித் தூரம்கூட இல்லை. எங்களுக்கு ஒன்ராறியோ முடிந்தது மூன்றாம் நாள் பின்னேரம்.

சட்பரியில் 9 மீற்றர் உயரத்தில் ஒரு ஐந்து சத நாணயம் நிற்கிறது. 1951-ல் வந்த பன்னிரண்டு பக்க நாணயத்தின் அச்சு, 1964-ல் வைத்தது. நிக்கல் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர் என்பதால் நிக்கல் நாணயம். படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் நாணயத்துக்கு முதுகைக் காட்டி நின்று சுற்றியுள்ள மலைகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் தாது உருக்கிய கந்தகப் புகையில் இங்கே புல் பூண்டு எல்லாம் செத்து, பாறைகள் கரி பிடித்துக் கிடந்தன. 1978-ல் தொடங்கி, சரிவுகளில் சனம் கையாலேயே சுண்ணாம்பு தூவி மண்ணின் புளிப்பை முறித்து, புல் விதைத்து, பிறகு மரம் நட்டார்கள். இன்றைக்கு ஒரு கோடிக்கு மேல் மரங்கள். பைன் மரங்களுக்கு இடையில் அங்கங்கே அந்தக் கறுத்த பாறை இன்னும் தெரிகிறது. மகன் கையால் தேய்த்துப் பார்த்தான், கறுப்புப் போகவில்லை.

சூ செயின்ற் மரீ தாண்டியதும் சுப்பீரியர் ஏரி தொடங்குகிறது. பரப்பளவில் இலங்கையைவிடப் பெரிய ஏரி இது, 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். அம்மா கடற்கரையோர ஊரில் பிறந்தவர். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர், கரையில் அலை அடிக்கிறது, கடற்பறவைகள் கத்துகின்றன. இது கடல்தான் என்று அடித்துச் சொன்னார். நான் ஏரி என்றேன். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "உப்பில்லாத கடல்" என்றார் கடைசியில்.

அந்தக் கரையில்தான் அகாவா பாறை இருக்கிறது. ஏரிக்குள் நேராக இறங்குகிற செங்குத்துப் பாறையில் ஒஜிப்வே மக்கள் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீருக்கு மேலே சரிந்த விளிம்பில், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். அலை இருந்தால் இறங்கக் கூடாது, இழுத்துவிடும். நாங்கள் போன காலை ஏரி அசையாமல் கிடந்தது. இவரும் மகனும் மட்டும் போனார்கள். கொம்பும் முதுகில் முள்ளும் உள்ள ஒரு உருவம், பெயர் மிஷிபேஷு, ஏரிக்கு அடியில் இருந்து புயலை ஆள்கிற பெரும்பூனை. அதற்குக் கீழே பாம்புகள், பக்கத்தில் ஆட்கள் இருக்கிற தோணி. திரும்பி வந்த மகன் சொன்னான், தோணியில் இருக்கிற ஆட்கள் வெறும் கோடுகள்தானாம், ஆனால் அவர்கள் பயந்துபோய் இருக்கிறார்கள் என்று தெரிகிறதாம். இந்த முழு வழியிலும் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் அகாவாவைத்தான் சொல்வேன், நான் நேரில் பார்க்காவிட்டாலும். அந்தப் பிள்ளை திரும்பி வந்தபோது முகம் இருந்த விதம் அப்படி.

வாவாவுக்கு அடுத்த ஊர் வைற் ரிவர். 1914 ஓகஸ்ற் 24-ல், போருக்குப் போகிற வழியில் ரெயில் அங்கே நின்றபோது, ஹரி கோல்பேர்ண் என்ற மிருக வைத்தியர் ஒரு வேட்டைக்காரனிடம் 20 டொலருக்குக் கரடிக்குட்டி ஒன்றை வாங்கினார். தன்னுடைய ஊரான வினிப்பெக்கின் பெயரைச் சுருக்கி வின்னி என்று கூப்பிட்டார். அந்தக் குட்டி லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் வளர்ந்து, பிற்பாடு உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த வின்னி த பூ ஆனது. ஊரில் அதற்கு ஒரு சிலை இருக்கிறது. மகளுக்காக நின்றோம்.

இப்படி நின்று நின்று போனதில் அன்றிரவு ஒரு பாடம் படித்தோம். அறை பதிந்து வைத்திருந்த விடுதிக்குப் பதினொரு மணிக்குப் போனபோது, எங்கள் அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊரில் வேறு இடம் இல்லை. தண்டர் பே இன்னும் நூறு கிலோமீற்றருக்கு மேல். விளக்கில்லாத வீதி, தொலைபேசியில் சிக்னல் இல்லை. ஒரு வளைவில் இவர் பிறேக்கை அமத்த, முன்னால் வீதியின் நடுவில் மூஸ் என்கிற பெரிய காட்டுமான் ஒன்று நின்றது. கால்கள் மட்டும்தான் வெளிச்சத்தில் தெரிந்தன, உடம்பு விளக்குக்கு மேலே இருட்டில் இருந்தது. அவ்வளவு உயரம். அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கியது. அம்மா "பிள்ளையாரே" என்றது மட்டும் கேட்டது. வடகரையில் இருட்டிய பிறகு கார் ஓடாதீர்கள். பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். போகிற நேரத்தை விடுதிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த மூன்றும் மனதில் இருந்தால் போதும்.

அடுத்த நாள் காலை தண்டர் பேயில் ரெரி ஃபொக்ஸ் நினைவிடத்துக்குப் போனோம்.

கனடாவில் பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரியும். ஒவ்வொரு செப்ரெம்பரிலும் பள்ளிக்கூடத்தில் ரெரி ஃபொக்ஸ் ஓட்டம் நடக்கும். நாங்களும் ஒரு டொலரோ இரண்டு டொலரோ கொடுத்து அனுப்புவோம். அவ்வளவோடு எனக்கு அது முடிந்துவிட்டது. நெடுஞ்சாலைக்கு மேலே அந்த மேட்டில், ஏரியைப் பின்னால் வைத்து, ஒரு காலும் ஒரு செயற்கைக் காலுமாக வெண்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கிற பையனைப் பார்த்தபோதுதான் அது என்னவென்று விளங்கியது.

எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்தவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க, நாட்டின் கிழக்குக் கரையில் இருந்து மேற்குக் கரை வரை ஓடுவது என்று முடிவெடுத்தார். 1980 ஏப்ரல் 12-ல் நியூஃபவுண்லாந்தில் செயின்ற் ஜோன்ஸ் துறைமுகத்தில் செயற்கைக் காலை அட்லாண்டிக் தண்ணீரில் நனைத்துத் தொடங்கினார். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு மரதன் தூரம். 143 நாள், 5,373 கிலோமீற்றர். நாங்கள் காரில் இரண்டு நாளாக ஏறி இறங்கிய அதே வடகரை மேடுகளை அவர் அந்தக் காலோடு ஓடிக் கடந்திருக்கிறார். செப்ரெம்பர் 1-ல் தண்டர் பேக்குக் கிட்ட வந்தபோது நெஞ்சு நோவும் இருமலும் தாங்க முடியாமல் நின்றார். நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த வருடம் ஜூனில் இறந்தார்.

"எத்தனை வயசு?" என்று கேட்டார் அம்மா.

"இருபத்திரண்டு."

அப்பா புற்றுநோயில் போய் ஒன்பது வருடம். அதைப் பற்றி அம்மா யாரோடும் பேசுவதில்லை. சிலைக்குப் பக்கத்தில் இருந்த வாங்கில் போய் இருந்தார். கைப்பைக்குள் இருந்து கச்சான் பையை எடுத்து, மடியில் வைத்து, உடைக்காமல் இருந்தார். மகன் போய்ப் பக்கத்தில் இருந்தான். பள்ளிக்கூட ஓட்டத்தில் தான் எத்தனை சுற்று ஓடினேன் என்று அம்மம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தூரத்தில் நின்றேன். ஏரிக்கு அந்தப் பக்கம் உறங்கும் பூதம் என்கிற மலை, ஒரு மனிதன் நெஞ்சில் கை வைத்து மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி, தண்ணீருக்கு மேலே நீண்டு கிடந்தது. ஒஜிப்வே கதையில் அது நானபிஜு. வெள்ளிச் சுரங்கத்தின் இரகசியம் வெளியாரிடம் போனதால் கல்லாய்ப் போனவர்.

அங்கே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று இவர் கேட்கவில்லை.

மனிற்றோபாவை வேகமாகக் கடந்தோம். வினிப்பெக்குக்குக் கிழக்கே, கனடாவின் கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் நடுக்கோடு ஓடுகிற இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. பிள்ளைகள் ஒருவர் அந்தப் பக்கமும் மற்றவர் இந்தப் பக்கமும் நின்று படம் எடுத்தார்கள். பிறகு சஸ்காச்சுவான். அங்கே வானம்தான் காட்சி. மழை வருகிறதென்றால் அரை மணித்தியாலத்துக்கு முன்பே, முழுசாக, அடியில் இருந்து நுனிவரைக்கும் தெரியும். மூஸ் ஜோ என்ற ஊரில் மக் என்று பெயர் வைத்த மூஸ் சிலை 1984-ல் இருந்து உலகத்திலேயே பெரியதாக இருந்தது. 2015-ல் நோர்வேயில் ஒரு ஊர் அதைவிட 30 சென்றிமீற்றர் உயரமாக, வெள்ளியாய் மின்னுகிற மூஸ் ஒன்றை நட்டுவிட்டது. மூஸ் ஜோக்காரருக்குப் பொறுக்கவில்லை. காசு சேர்த்து, 2019-ல் மக்குக்குப் பெரிய கொம்பு பூட்டி, மறுபடியும் முதலிடத்தைப் பிடித்தார்கள். நோர்வே ஊரின் துணை மேயர் நேரில் வந்து சமாதான ஒப்பந்தம் எழுதிவிட்டுப் போனார். இரண்டு ஊர்கள் சண்டை பிடிப்பதென்றால் இப்படிப் பிடிக்கலாம் என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அல்பேர்ட்டாவில் ட்ரம்ஹெல்லர். சமவெளியில் போய்க்கொண்டிருக்கும்போது நிலம் திடீரென்று கீழே இறங்கிவிடும். மண்ணிறமும் சாம்பல் நிறமும் வரிவரியாக அடுக்கின பள்ளத்தாக்கு. 1884-ல் ஜோசப் ரிரெல் என்ற புவியியலாளர் நிலக்கரி தேடி வந்த இடத்தில், கரையில் இருந்து ஒரு மண்டையோடு அவரைப் பார்த்தது. பின்னாளில் அதற்கு அல்பேர்ட்டோசோரஸ் என்று பெயர் வைத்தார்கள். அவருடைய பெயரிலேயே இன்று பெரிய தொல்லுயிர் அருங்காட்சியகம் இருக்கிறது, 1985-ல் திறந்தது. ஒரு முழு நாள் வேண்டும். பிள்ளைகள் உள்ள ஆட்கள் அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊருக்குள் 26 மீற்றர் உயர டைனோசர் ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குள்ளால் 106 படி ஏறி அதன் வாய்க்குள் நின்று ஊரைப் பார்க்கலாம். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பிறகு அந்த ஊரைக் காப்பாற்றியது, நிலக்கரிக்குப் பக்கத்திலேயே கிடந்த எலும்புகள்தான். அம்மா படி ஏறவில்லை. கீழே நிழலில் இருந்து, வந்து போன பிள்ளைகளுக்கெல்லாம் கச்சான் கொடுத்திருக்கிறார். ஒரு தாய் ஒவ்வாமை பற்றிச் சொன்ன பிறகுதான் நிறுத்தினாராம்.

எட்மன்ரனில் குடிபூரல் நல்லபடி முடிந்தது. அதை விட்டுவிடுகிறேன். அங்கிருந்து கிழக்கே 100 கிலோமீற்றரில் வெக்ரவில் என்ற ஊருக்கு ஒரு நாள் போய் வந்தோம். அங்கே ஒரு முட்டை இருக்கிறது.

உக்ரேனியர் உயிர்த்த ஞாயிறுக்கு மெழுகாலும் சாயத்தாலும் கோலம் போட்ட முட்டை செய்வார்கள், பைசங்கா என்று பெயர். அல்பேர்ட்டாவில் நூற்றிமுப்பது வருடத்துக்கு முன்னரே வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்கள் அவர்கள். 1975-ல் அவர்களுடைய ஊரில் அலுமினியத்தால் பைசங்கா எழும்பியது. முட்டை வடிவத்தைத் தட்டையான தகடுகளால் செய்வது இலகுவான வேலை இல்லை. ரொனால்ட் றெஷ் என்ற யூற்றாப் பல்கலைக்கழகக் கணினி அறிஞர் அதற்கென்று புதுக் கணிதமே போட வேண்டி வந்தது. நட்சத்திரத் துண்டுகள் 524, முக்கோணங்கள் 2,208. பொன், வெள்ளி, வெண்கல நிறம். நிலத்தில் இருந்து 9 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்துக்கு எழும்பி நிற்கிற இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரம், காற்று அடித்தால் மெதுவாகத் திரும்புகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் விலகி வெயில் அடிக்க, முட்டை ஒரு அங்குலம் திரும்பினது. ஒரு முக்கோணம் மங்க, அடுத்தது வெயிலைப் பிடித்தது.

நான் கனநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் அடங்குகிற ஒரு சாமான். தாய்மார் அடுப்படியில் இருந்து செய்தது. அதை மூன்றாம் நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் இந்தச் சமவெளியில் இவ்வளவு பெரிசாக நிறுத்தியிருக்கிறார்கள். "நாங்கள் வைக்கிறதெண்டால் என்ன வைப்பம்?" என்று கேட்டேன். இவர் பனைமரம் என்றார். மகன் யாழ் என்றான். மகள் "கொழுக்கட்டை" என்றாள், விளிம்பில் அம்மம்மா பிடிக்கிற மடிப்போடு. எனக்கு அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. அந்த மடிப்பைத் தகட்டில் செய்யவும் யாராவது ஒரு கணிதக்காரர் வேண்டும்.

திரும்பும்போது அமெரிக்கா வழியாக வந்தோம். மொன்ரானா நீளம், வயோமிங்கில் டெவில்ஸ் டவர். அடிவாரத்தில் இருந்து 264 மீற்றர் எழும்பி நிற்கிற ஒற்றைப் பாறை, பக்கமெல்லாம் பென்சில் கட்டை அடுக்கின மாதிரி. லகோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கு அது கரடியின் இருப்பிடம். அடிவாரத்து மரங்களில் அவர்கள் நேர்ந்து கட்டிய துணிகளைக் கண்டதும் அம்மா செருப்பைக் கழற்றினார். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு தென் டகோட்டா, மவுண்ட் ரஷ்மோர். நாலு ஜனாதிபதிகளின் முகம், ஒவ்வொன்றும் 18 மீற்றர். 1927-ல் இருந்து 1941 வரை செதுக்கினார்கள். வேலைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மலைகளின் கதை தெரியாமல் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். 1868-ல் ஒப்பந்தம் எழுதி அந்தக் கருமலைகளை லகோட்டாக்களுக்கு என்று ஒதுக்கினார்கள். 1874-ல் பொன் கண்டுபிடித்தார்கள். 1877-ல் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். 1923-ல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் போன வழக்கில், 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது பிழை என்று ஒப்புக்கொண்டு 100 மில்லியன் டொலருக்கு மேல் நட்டஈடு உறுதிசெய்தது. அவர்கள் அதைத் தொடவில்லை. வட்டியோடு அது ஒரு பில்லியனைத் தாண்டிக் கிடக்கிறது. இன்றைக்கும் வேண்டாம் என்கிறார்கள். நிலம்தான் வேண்டும்.

இதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா பிறந்த வீட்டுக் காணி முப்பது வருடத்துக்கு மேல் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் கிணற்றடித் தென்னை தெரியும் என்று போனவர்கள் வந்து சொன்னார்கள். அம்மா முகங்களைப் பார்க்கவில்லை. முகங்களுக்குப் பக்கத்தில் இன்னும் செதுக்காமல் இருந்த மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "விக்காத காணிக்கு எப்பிடிக் காசு வாங்கிறது?"

அரை மணித்தியாலத் தூரத்தில் கிரேசி ஹோர்ஸ் என்ற லகோட்டா வீரனை இன்னொரு மலையில் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். 1948-ல் தொடங்கியது, அரசாங்கக் காசு வாங்காமல் நடக்கிறது. முகம் முடிந்திருக்கிறது. குதிரை இன்னும் மலைக்குள்தான்.

அங்கிருந்து கிழக்கே வரும்போது வழியெல்லாம் வோல் ட்ரக் என்ற கடையின் பலகைகள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் 1931-ல் ஒரு தம்பதி மருந்துக் கடை வாங்கினார்கள். பஞ்ச காலம், வருவார் இல்லை. 1936-ல், வெயிலில் போகிற கார்க்காரருக்கு ஐஸ் தண்ணீர் இலவசம் என்று நெடுஞ்சாலையில் பலகை நட்டார்கள். சனம் குவிந்தது, இன்றும் குவிகிறது, தண்ணீருக்கு இன்றும் காசில்லை. எங்கள் ஊரில் படலையடியில் தண்ணீர்ப்பானை வைப்பார்களே, அதுதான். நாங்களும் போய் ஆளுக்கு ஒரு கப் குடித்தோம். அம்மா இரண்டு.

கடைசியாக மிச்சல் நகரத்துச் சோள மாளிகை. 1892-ல் இருந்து நடக்கிற வழக்கம். ஒரு பெரிய மண்டபத்தின் வெளிச்சுவர் முழுவதும் சோளப்பொத்தியால் ஓவியம் போட்டிருப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வர்ணம் தீட்டிய சுவர். கிட்டப் போனால் ஒவ்வொரு பொத்தியையும் நெடுக்காகப் பிளந்து, தட்டைப் பக்கம் சுவரில் படும்படி ஆணி அடித்திருக்கிறார்கள். சிவப்பு, கறுப்பு, நீலம், வெள்ளை, செம்மஞ்சள், எல்லாம் சாயம் இல்லை, விளைந்த நிறம். நிறம் கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் வேறு வேறு வயலில் போடுவார்களாம். வருடம் முழுவதும் பறவைகள் வந்து கொத்தித் தின்னும். அடுத்த வருடம் கழற்றிவிட்டுப் புது ஓவியம்.

ஒரு மூலையில் குருவி கொத்தி வெறுமையாய்ப் போன பொத்தி ஒன்றை மகள் காட்டினாள். "அம்மம்மா, இது கோலம் மாதிரி." அரிசிமாவில் போடுகிற கோலத்தை எறும்பு தின்னும் என்று அம்மா சொல்லியிருந்தது ஞாபகம் வைத்திருக்கிறாள். அம்மா கச்சான் பையைத் தலைகீழாக உதறி, மிச்சம் இருந்ததைக் குருவிகளுக்குப் போட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமை இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அம்மா குசினி வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பிள்ளை ஓடத் தொடங்கின இடம் எங்க எண்டு சொன்னனீ?"

"செயின்ற் ஜோன்ஸ் அம்மா. கிழக்கில, கடைசி ஊர். மூவாயிரம் கிலோமீற்றர் வரும். நடுவில கப்பலிலயும் ஏறோணும், ஆறேழு மணித்தியாலம்."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அது உப்புத் தண்ணிதானே?"

"ஓம். கடல்."

"தம்பியிட்டக் கேள், லீவு எப்ப கிடைக்குமெண்டு" என்று சொல்லிவிட்டு, மேசையில் பீங்கான்களை வைக்கத் தொடங்கினார்.